இடது பக்கம் திரும்பாத பெரியவர்

1 செப்டம்பர் 2025, திங்கள்

மின்வாரியத் தேர்வுக்கு இன்றும் அறிவிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

அப்பா வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வர ஏழரை ஆகிவிட்டது. மதுசூதன் சாரைப் பல் டாக்டரிடம் கொண்டுபோனாராம். சார் வீட்டுத் தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் கிளினிக் நாலாவது கட்டடம். இடது பக்கம் என்பதால் முக்கால் மணி நேரம்.

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்துப் படித்தால் எனக்கே நம்பிக்கை வராது.

அப்பா பத்தொன்பது வருஷமாக மதுசூதன் சாரின் 1958 மாடல் காரை ஓட்டுகிறார். சாரின் தாத்தா வாங்கியது. அந்த வீட்டில் யாரும் அதைக் கார் என்று சொல்வதில்லை. பெரியவர் என்பார்கள். 'பெரியவர் குளிச்சாச்சா?' 'பெரியவரை வெயில்ல நிறுத்தாதே.' அந்தப் பெரியவருக்கு இரண்டு வருஷமாக ஒரு கோளாறு. ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரனை அமுக்கினால் சத்தம் வராது. ஆனால் ஓடும்போது இடது பக்கம் திரும்பினால் தானாக அலறும். திரும்பி முடிக்கும் வரை அலறும். வலது பக்கம் திரும்பினால் ஒன்றுமில்லை.

அதனால் அப்பா இடது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் நேராகத் தாண்டிப் போய் ஒரு வலது, இன்னொரு வலது, மூன்றாவதாக ஒரு வலது. நாய் குறுக்கே வந்தால் மட்டும் ஸ்டியரிங்கைச் சட்டென்று இடப்பக்கம் ஒடிப்பார். அது அலறும், நாய் ஓடும்.

"பழகிருச்சு தாயி" என்கிறார். ஊரும் பழகிவிட்டது போல.

3 செப்டம்பர், புதன்

பழகாத ஒருவர் இருந்திருக்கிறார்.

பழைய வண்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்று அந்த நாள். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்துவிட்டு, "ஹாரன் அடிங்க" என்றாராம்.

அப்பா, "அடிக்கிறேன் மேடம். செத்த உள்ள ஏறி உக்காருங்க, அந்த முக்கு வரைக்கும் போயிட்டு வந்துருவோம்" என்றிருக்கிறார்.

அந்த அம்மாள் எதற்கு என்று தெரியாமலே ஏறியிருக்கிறார். முக்கில் அப்பா இடது பக்கம் திரும்பினார். பெரியவர் அலறினார். "போதும், நிறுத்துங்க" என்றாராம் இன்ஸ்பெக்டர். "நேரானதும் அவியளா நிறுத்திக்கிடுவாவ மேடம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பா பாஸ் என்றே நினைத்திருக்கிறார். சத்தம் வந்ததே. பேப்பரை வாங்கிப் படித்த மதுசூதன் சார்தான் சொன்னாராம், 24ஆம் தேதி மறுபடி கொண்டுவர வேண்டும், ஹாரனைச் சரி செய்துகொண்டு.

4 செப்டம்பர், வியாழன்

சாரின் மகன் ப்ரஹலாத் சென்னையிலிருந்து பேசினாராம். 24ஆம் தேதியும் ஆகவில்லை என்றால் கடற்கரை ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குப் பெரியவரைக் கொடுத்துவிடுவார்களாம். வாசலில் நிறுத்தி வைப்பார்களாம். இன்ஜினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூச்செடி.

"காகிதப் பூவாம்" என்றார் அப்பா. வேறெதுவும் சொல்லவில்லை.

அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன். பெரியவர் போனால் அப்பாவின் வேலையும் போகும். அந்த வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, அதை சாரே ஓட்டுவார். அப்பாவுக்கு ஐம்பத்தேழு. இந்த வயதில் இவரைப் புதிதாக யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

5 செப்டம்பர், வெள்ளி

அப்பா என் பெயரைச் சொல்லிவிட்டார்.

"எம்மவ மாரிக்கனி நாலு வருசம் கரண்டுதான் சார் படிச்சிருக்கா" என்றாராம். பையிலிருந்து என்னுடைய முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகலை வேறு எடுத்துக் காட்டியிருக்கிறார். எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியது நான்தான் என்று தாசில்தார் கொடுத்தது. கல்லூரியில் ஃபீஸ் குறைக்க வாங்கியது. ரேஷன் கார்டை மறந்தாலும் அதை மறக்காமல் எடுத்துப் போகிறவர் அப்பா.

நான் படித்ததெல்லாம் டிரான்ஸ்பார்மர், டர்பைன். கார் பானெட்டைத் திறந்து பார்த்ததுகூட இல்லை.

அம்மா மில்லிலிருந்து வந்து இதைக் கேட்டுச் சிரித்தாள். "ஏட்டி, வீட்டுல பல்பு மாட்டவே ஒங்கப்பாதான் ஸ்டூலப் போட்டு ஏறுதாரு."

6 செப்டம்பர், சனி

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மாட வீதியில் நீளமான வீடு. பெரியவர் முன்பக்கக் கொட்டகையில் நின்றார். பச்சை நிறம், உருண்டை விளக்குகள், முன் கிரில்லில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். நானும் கும்பிட்டுவிட்டேன். கை தானாகப் போய்விட்டது.

மதுசூதன் சார் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கினார். "இவர் இந்தாத்துக்கு வந்த நாள்லேர்ந்து கோயிலை வலமாத்தான் சுத்தியிருக்கார். அறுபத்தேழு வருஷம். இடமாத் திருப்பினா அவருக்குப் பொறுக்கலை. அவ்வளவுதான் விஷயம்."

சாரின் மனைவி ஸாவித்ரி மாமிக்கு வேறு கருத்து. "திருஷ்டிம்மா. ரெண்டு வருஷம் மின்னாடி மார்க்கெட் வாசல்ல நிக்கறச்சே ஒரு ஆடு வந்து எலுமிச்சங்காயை நூலோட தின்னுடுத்து. அன்னிக்கு சாயங்காலமே கத்த ஆரம்பிச்சுட்டார்." அன்றிலிருந்து நூல் கிடையாதாம். வெள்ளிக்கிழமைதோறும் மாமி புதுப் பழம் எடுத்துக் கொடுப்பார், அப்பா கட்டுக்கம்பியில் கட்டுவார். பிறகு எந்த ஆடும் கிட்டே வருவதில்லை.

"அமுக்கினா வராதது எப்பலேர்ந்து?" என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். அப்பாவோடு பஸ் ஏறினேன். கேட்கவில்லை.

பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன். "அதுக்குப் பொறவு வந்த ஆயுத பூசையிலருந்து" என்றார்.

8 செப்டம்பர், திங்கள்

பெரியவரை எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தார் அப்பா. தென்காசி ரோட்டில் அப்துல் ஹமீது பாயின் ஒர்க்‌ஷாப். இருபது வருஷமாகப் பெரியவருக்கு வயரிங் பார்ப்பவர் அவர்தான்.

"வாம்மா" என்றார் பாய். "ஏலே ராக்கப்பா, இன்ஜினியரம்மாவக் கூட்டியாந்துட்டியா? அப்ப நான் ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் கேலி செய்துகொண்டே எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

ஸ்டியரிங் கம்பத்துக்குள் போகும் ஹாரன் வயரை அவர் நாலு தடவை மாற்றியிருக்கிறார். "திருப்பும்போது கத்துதுன்னா ஸ்டியரிங்குக்குள்ளதான வயரு ஒரசணும்? புது வயரு போட்டேன், கத்துது. டபுள் டேப்பு போட்டேன், கத்துது. எனக்கு இந்த வண்டி கனவுல வருதும்மா."

ஹாரன் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார். பேட்டரியின் கரண்ட் எப்போதும் ஹாரன் வரைக்கும் வந்து காத்திருக்கிறது. ஹாரனின் இன்னொரு முனையிலிருந்து ஒரு வயர் ஸ்டியரிங்குக்குப் போகிறது. பட்டனை அமுக்கினால் அந்த வயர் ஸ்டியரிங் கம்பத்தைத் தொட்டு, கம்பம் வழியாக வண்டியின் உடம்போடு சேர்கிறது. அதுதான் எர்த். சேர்ந்தால் சத்தம். அந்த முனை வேறு எந்த வழியாக உடம்பைத் தொட்டாலும் சத்தம்தான்.

எனக்குப் புரிந்தது. காகிதத்தில் வரைந்தால் மூன்று கோடு.

பாய் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினார். சத்தம் இல்லை. "நிக்கும்போது யோக்கியன்" என்று இறங்கிவிட்டார்.

நான் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

9 செப்டம்பர், செவ்வாய்

நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் கத்தவில்லை. அப்படியானால் கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை. வண்டி திரும்பினால்தான் கத்துகிறது.

வண்டி திரும்பும்போது எதெல்லாம் ஆடும்? டாஷ்போர்டு மேல் இருக்கும் ஆண்டாள் பொம்மை ஆடாது, ஒட்டியிருக்கிறது. பின் சீட்டுத் தண்ணீர் பாட்டில் ஆடும். மதுசூதன் சார் ஆடுவார். அப்பா ஆடுவார்.

இவர்களில் யாரும் ஹாரனைத் தொடுவதில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அப்பாவோடு போனேன். பெரியவருக்கு வெள்ளிக்கிழமைக் குளியல். பழைய எலுமிச்சையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கழுவினார். பிரேக் காய வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுக்குக் கிளம்பினார். முக்கில் ஒரு ஸ்கூட்டர் எதிரே ஏறி வந்துவிட்டது. அப்பா வேறு வழியில்லாமல் இடப்பக்கம் திரும்பினார்.

சத்தமே இல்லை.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. மெதுவாக இன்னொரு இடது திரும்பினார். அமைதி. வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னிக்குக் கெணத்து ஜலம் ஊத்தினியோல்லியோ, அதான்." சார், "மனசு மாறியிருப்பார்" என்றார்.

மாமி புதுப் பழம் கொடுத்தார். அப்பா நன்றாக முறுக்கிக் கட்டினார். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஒரு நடை எடுத்தார். முக்கில் இடது.

அலறல் வீட்டு வாசல் வரை கேட்டது.

மதியம் அப்பா சாப்பிடப் போனபோது நான் கொட்டகையில் தனியாக இருந்தேன். கிரில்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்பா மிச்சக் கம்பியை வெட்டுவதில்லை, கிரில்லுக்குள் செருகிவிடுவார். உள்ளே, ஒரு விரல் தூரத்தில், ஹாரனின் முனை. வண்டி இடப்பக்கம் திரும்பினால் பழம் வலப்பக்கம் ஆடும். பழம் ஆடினால் உள்ளே கம்பியின் வால் ஆடும். கம்பி கட்டியிருப்பது கிரில்லில், கிரில் வண்டியின் உடம்பு.

எலுமிச்சையை ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினேன்.

பெரியவர் என் முகத்துக்கு நேராக அலறினார். நான் பின்னால் விழுந்தேன். உள்ளேயிருந்து மாமி ஓடி வந்து, ஆளில்லாத வண்டி தானாகக் கூப்பிட்டது என்று, திரும்பி ஓடிக் கற்பூரத் தட்டோடு வந்தார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். தட்டை நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

13 செப்டம்பர், சனி

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? திருஷ்டி போக வேண்டும் என்று வாரம் தவறாமல் கட்டுகிறார். வாரம் தவறாமல் அதுதான் கத்த வைக்கிறது. கத்துகிறதே என்று இன்னும் கெட்டியாகக் கட்டுகிறார். கம்பி வேறு வரவரத் தடிமன் கூடிக்கொண்டே போகிறது.

சொல்லாமல் நானே நூலில் மாற்றிக் கட்டிவிடலாமா? ஆடு தின்னும். அப்பா மறுபடி கம்பி எடுப்பார்.

சாப்பிடும்போது சொன்னேன். "அப்பா, அந்த எலுமிச்சங்காக் கம்பி ஹாரன்ல போய்த் தொடுது."

கை சோற்றிலேயே நின்றது. "நான் கட்டுனதா?"

"ம்."

"ரெண்டு வருசமா?"

நான் மோர் ஊற்றினேன். அவர் போதும் என்று கை காட்டினார். பாதிச் சோறு மிச்சம்.

14 செப்டம்பர், ஞாயிறு

நான் உட்காரும் முன்பே அப்பா சாப்பிட்டு எழுந்துவிட்டார். அம்மா என்னை முறைத்தாள். "பெத்தவன் மேலயா பழியத் தூக்கிப் போடுவ? வேற எடமே கெடைக்கலையாட்டி ஒனக்கு?"

15 செப்டம்பர், திங்கள்

பாய் கடையில் கார் வந்து நின்றதும் அப்பாவே பேசினார். என்னைப் பார்க்காமல், பாயிடம். "இந்தப் புள்ள ஒண்ணு சொல்லுதா. கேட்டுக்கோ."

பாய் காற்றடிக்கும் மெஷினை நிறுத்தினார். கடை முழுக்க அமைதியானது. அவ்வளவு அமைதியில் நான் பேசிப் பழக்கமில்லை. பேசுவதற்குப் பதில் போய் எலுமிச்சையைத் தள்ளினேன்.

அலறியது.

பாய் குனிந்து எலுமிச்சையைப் பார்த்தார். பிறகு தானும் ஒரு தடவை தள்ளினார். பிறகு டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "நாலு வாட்டி ஸ்டியரிங்கக் கழட்டுனேனடா ராக்கப்பா. நாலு வாட்டியும் நீதான டார்ச்சு பிடிச்ச."

அப்பா, "கழட்டிரவா?" என்று கேட்டார். என்னிடம். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"வேண்டாம்ப்பா. கம்பிக்கு ஒரு சட்டை போட்டாப் போதும்."

பாய் மஞ்சள் நிற வயர் உறை ஒரு முழம் எடுத்துக் கொடுத்தார். கம்பி முழுவதும் கோத்தேன், வால் வரைக்கும். தள்ளினால் சத்தமில்லை. வெளியே போய் நாலு இடது திரும்பினோம். சத்தமில்லை.

ஆனால் அமுக்கினாலும் சத்தமில்லை. இப்போது பெரியவர் முழு ஊமை. நாயை விரட்டக்கூட வழியில்லை.

16 செப்டம்பர், செவ்வாய்

மூன்று கோடு வரைந்த காகிதத்தை எடுத்தேன். வயர் நல்ல வயர். பட்டன் நல்ல பட்டன். மிச்சம் இருப்பது கம்பம் உடம்போடு சேரும் இடம். பாயிடம் மெதுவாகச் சொன்னேன், அவர் குனிந்து காதைக் கொடுத்தார். ஒரு துண்டு வயரின் ஒரு முனையைக் கம்பத்திலும் மறுமுனையை வண்டி உடம்பிலும் வைத்துப் பிடித்தார். அப்பா அமுக்கினார்.

சத்தம்.

கம்பத்தைச் சுற்றி ரப்பர் இருக்கிறது. அதனால் எர்த்துக்கென்று தனியாக ஒரு பட்டை போய் பானெட்டுக்குள் ஒரு போல்ட்டில் முடிகிறது. போல்ட்டைத் தேடினோம். அது இருக்க வேண்டிய இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு மஞ்சள் உருண்டை இருந்தது, நடுவில் சிவப்பு.

"அதுவா" என்றார் அப்பா. "அதுக்கு நான் வருசா வருசம் சந்தனம் வைப்பேன். பானெட்டத் தொறந்ததும் நெத்தி மாதிரி அதுதான முன்னால நிக்கும்." ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, பட்டைக்கு அடியிலும் கொஞ்சம் பூசிவிட்டு, முடுக்கி, மேலேயும் வைப்பாராம். பத்தொன்பது வருஷம். துடைப்பதை நடுவில் எப்போதோ விட்டிருக்கிறார். பூசுவதை விடவில்லை.

பாய் உப்புத்தாளை எடுத்தார். திரும்ப வைத்துவிட்டார். "இத நான் சொரண்ட மாட்டேன்ப்பா. நாளைக்கு அந்த வீட்டுல ஒருத்தருக்குக் காய்ச்சல்னாலும் பாய் சாமியச் சொரண்டிட்டாருன்னு வரும். எனக்கு இன்னும் பத்து வருசம் கடை நடத்தணும்."

அப்பாவும் மாட்டேன் என்றார்.

17 செப்டம்பர், புதன்

மாமியிடம் கேட்டார்களாம். பஞ்சாங்கம் பார்த்துப் புரட்டாசி முதல் சனி காலையில் நேரம் கொடுத்திருக்கிறார். யார் சுரண்டுவது என்பதற்கும் முடிவு சொல்லியிருக்கிறார். படித்தவர்கள் செய்தால் தோஷமில்லையாம்.

20 செப்டம்பர், சனி

சுரண்டினேன்.

சார், மாமி, அப்பா, பாய் நாலு பேரும் சுற்றி நின்றார்கள். முதல் அடுக்கு உதிர்ந்தது. அடுத்தது குங்குமம். அதன் கீழே மறுபடி சந்தனம். உப்புத்தாள் சத்தம் மட்டும். கீழே விழுந்ததை மாமி ஒரு தாம்பாளத்தில் பிடித்தார், துளசி மாடத்தில் சேர்க்க. போல்ட்டைக் கழற்றும்போது சார் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து பாயும் கழற்றினார்.

உலோகம் தெரிந்தது. பளிச்சென்று. முடுக்கினேன்.

"அமுக்குங்கப்பா."

பெரியவர் குரல் கொடுத்தார். அலறல் இல்லை. அப்பா அமுக்கிய அளவு, அவ்வளவுதான்.

மாமி அழுதார். நான் எதற்கோ போல்ட்டிடம் மன்னிப்புக் கேட்டேன், மனசுக்குள்.

24 செப்டம்பர், புதன்

அதே இன்ஸ்பெக்டர். மைதானத்தில் அப்பா வண்டியை நிறுத்தியதும் அவர் தள்ளியே நின்றார். "இன்னைக்கு நான் ஏறமாட்டேன். ஹாரன் அடிங்க."

அப்பா அமுக்கினார். அடித்தது. இடப்பக்கம் ஒரு வட்டம் போடச் சொன்னார். அமைதியாகப் போட்டார். அவர் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "என்ன கோளாறு?" என்றார்.

பாய் என்னைக் காட்டினார். சார் என்னைக் காட்டினார். பின் சீட்டில் பூக்கூடையோடு மாமி. ஸ்டியரிங்கில் அப்பா. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கற்பூரத் தட்டு எதுவும் வரவில்லை.

"ரெண்டு, மேடம்" என்றேன். "எர்த் வரவேண்டிய இடத்துல வரல. வரக்கூடாத இடத்துல வந்துச்சு."

அவர் நிமிர்ந்தார். "வரக்கூடாத இடம் எது?"

நான் தரையைப் பார்த்தேன். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எலுமிச்சங்கா மேடம். நான்தான் கட்டுனேன்."

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து குனிந்து, மஞ்சள் சட்டை போட்ட கம்பியையும் அதில் தொங்கிய பழத்தையும் நீண்ட நேரம் பார்த்தார். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வருஷம்.

25 செப்டம்பர், வியாழன்

அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா வந்து சொன்னாள். "ஹமீது பாய்க்கே ரெண்டு வருசமாப் பிடிபடல. நான் கட்டுன கட்டு அப்பிடி. அதக் கண்டுபிடிக்க ஒரு இன்ஜினியரு வர வேண்டியிருந்துச்சு பாத்துக்கோ."

அம்மாவே சிரித்துவிட்டாள். இன்று சாப்பாட்டில் எனக்கு அப்பளம் இரண்டு.

27 செப்டம்பர், சனி

அப்பா இன்னும் மூன்று வலதுதான் போகிறாராம். "இடப்பக்கம் கை வரமாட்டேங்குது" என்கிறார்.

29 செப்டம்பர், திங்கள்

பாய் போன் செய்தார். ஒரு டாக்டர் வண்டி வந்திருக்கிறது, வைப்பரைப் போட்டால் உள்விளக்கு எரிகிறதாம். "வந்து செத்த நேரம் பாரும்மா. மூணு கோடு போட்டுக் குடு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

போனேன். ஐந்து கோடு ஆனது. வரும்போது அவருடைய பழைய டெஸ்ட் லேம்பைக் கொடுத்தார். கைப்பிடி, சின்ன பல்பு, முனையில் ஊசி; ஊசி கரண்டைத் தொட்டால் பல்பு எரியும். நாளைக்கும் வரச் சொன்னார். மின்வாரிய அறிவிப்பு பார்க்க மறந்துவிட்டேன்.

1 அக்டோபர், புதன். ஆயுத பூஜை

காலையில் மாட வீதிக்குப் போனோம். பெரியவருக்கு மாலை, வாழைக்கன்று. அப்பா பானெட்டைத் திறந்தார். சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தவர் விரலை போல்ட்டுக்கு மேலேயே நிறுத்திவிட்டார்.

"இதுல வைக்கலாமாட்டி?"

சார், மாமி எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"பக்கத்துல வையுங்கப்பா. நாலு விரக்கட தள்ளி."

அளந்து பார்த்து வைத்தார். புது எலுமிச்சையைக் கட்டினார், சட்டை போட்ட கம்பியில். சக்கரத்துக்கு அடியில் வைத்த வேறு எலுமிச்சையை நசுக்கிக் கிளம்பியதும் தெருமுனையில், எதையும் யோசிக்காமல், இடப்பக்கம் திரும்பினார். திரும்பி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஒரு தடவை ஹாரனை அமுக்கினார், ரோட்டில் யாரும் இல்லாதபோது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிவாள்மனையையும், அப்பா தன் சாவிக்கொத்தையும் மணையில் வைத்தார்கள். வழக்கமாக என் பங்குக்குப் புத்தகம் வைப்பேன். அப்பா என் பையைத் திறந்து டெஸ்ட் லேம்பை எடுத்து அவராகவே நடுவில் வைத்தார். கைப்பிடியில் ஒரு பொட்டு, பல்பில் ஒரு பொட்டு, ஊசி முனையில் ஒரு பொட்டு.

அவர் சூடம் எடுக்கத் திரும்பியபோது ஊசி முனையை மட்டும் துடைத்துவிட்டேன்.